ஆட்ரி லார்டை வரையும்போது எதைத் திருத்தக் கூடாது?

அமெரிக்கக் கவிஞர் ஆட்ரி லார்டின் உருவப்படத்தை எண்ணெய் வண்ணத்தில் வரைந்துகொண்டிருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். பெண்கள் வாசிப்பு வட்டம் ஒன்று கூடும் அறையில் மாட்டப்போகும் படமாம். இரண்டு இடத்தில் சிக்கி நிற்கிறார். ஒன்று, முகத்தின் நிறம் எத்தனை தடவை கலந்தாலும் சாம்பல் பூத்த மாதிரியே வருகிறது. இன்னொன்று, புற்றுநோய் வந்து லார்டுக்கு ஒரு மார்பை அகற்றினார்கள் என்று படித்திருக்கிறார். அதைப் படத்தில் காட்டுவதா, சால்வை ஒன்றைப் போர்த்தி நாசூக்காக விட்டுவிடுவதா? வட்டத்துக்குள்ளேயே இரண்டு கட்சி ஆகிவிட்டதாம். மரியாதைக்காகத்தானே மறைக்கச் சொல்கிறோம் என்கிறது சால்வைக் கட்சி.

முகம் வரைவதே பிழைப்பாக இருபத்தைந்து வருஷம் ஓட்டியவன் நான். எனக்கு இந்த இரண்டும் ஒரே கேள்வியாகத்தான் படுகின்றன. இருக்கிற முகத்தையும் உடம்பையும் கொஞ்சம் 'சரி செய்து' காட்டினால்தான் மரியாதை என்ற நினைப்பு இரண்டுக்கும் அடியில் கிடக்கிறது. வேறு யாருடைய படமாக இருந்தாலும் பேரம் பேசிப் பார்க்கலாம். லார்ட் விஷயத்தில் முடியாது. இந்தக் கேள்விக்கு அவரே எழுத்தில் பதில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

அவரைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1934 பிப்ரவரி 18 அன்று நியூயார்க்கில் பிறந்தவர், ஹார்லெமில் வளர்ந்தவர். பெற்றோர் கரீபியத் தீவுகளிலிருந்து வந்து குடியேறியவர்கள். அம்மாவின் பூர்வீகம் கிரனடாவை ஒட்டியுள்ள கரியாகூ என்ற சின்னத் தீவு. நூலகராக வேலை பார்த்தார், பிறகு கல்லூரியில் கற்பித்தார், கவிதைத் தொகுப்புகள் போட்டார். கறுப்பினப் பெண்கள் தங்கள் எழுத்தைத் தாங்களே அச்சிட ஒரு பதிப்பகம் வேண்டும் என்று 1980இல் பார்பரா ஸ்மித் உள்ளிட்டோருடன் சேர்ந்து தொடங்கினார். 1991இல் நியூயார்க் மாநிலக் கவிஞர் ஆனார். 1992 நவம்பர் 17 அன்று செயின்ட் குரோய் தீவில் இறந்தபோது வயது 58. மேடையில் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும்போது கறுப்பர், லெஸ்பியன், தாய், போராளி, கவிஞர் என்று எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்வார். ஒன்றை மட்டும் சொல்லி மற்றதை விழுங்கச் சொன்னால் ஒப்புக்கொள்ளமாட்டார்.

சரி, மார்புக் கேள்விக்கு வருகிறேன்.

1978 செப்டம்பரில் தன் வலது மார்பில் ஒரு கட்டியைக் கண்டுபிடித்தார். புற்றுநோய்தான் என்று உறுதியாகி அந்த மார்பை அகற்றினார்கள். அந்த அனுபவத்தை நாட்குறிப்பும் கட்டுரையுமாக எழுதி 1980இல் புத்தகமாக்கினார். அதில் இரண்டு காட்சிகள் உங்கள் படத்துக்கு நேராகவே தேவைப்படும்.

முதல் காட்சி மருத்துவமனையில் நடக்கிறது. இதே அறுவை செய்துகொண்ட பெண்களுக்கு ஆறுதல் சொல்ல வரும் தன்னார்வலர் ஒருவர் வருகிறார். நல்ல மனசுக்காரர். கையில் ஒரு சின்னப் பொதி: ஆட்டு ரோமத்தை அழுத்தி மார்பு வடிவத்தில் செய்த ஒரு திண்டு. இதை உள்ளே வைத்துக்கொண்டால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது என்பது அவருடைய உறுதிமொழி. அந்தத் திண்டின் நிறம் வெளிர் ரோஜா. கறுப்பினப் பெண் ஒருத்தியின் மார்புக்குப் பதிலாக வெளிர் ரோஜா நிறத்தில் ஒரு திண்டு! யாருடைய உடம்பை மனதில் வைத்து அதைச் செய்தார்கள் என்று கேட்கவே வேண்டாம். லார்ட் அதை வைத்துப் பார்க்கிறார். ஒரு பக்கம் இயல்பாகச் சரிந்திருக்கிறது, இன்னொரு பக்கம் ஏதோ ஒட்டவைத்த மாதிரி நிற்கிறது. எடுத்துவிடுகிறார். உங்கள் இரண்டு சிக்கலும், அதாவது தோலின் நிறமும் இல்லாத மார்பும், அந்த ஒரே திண்டில் சேர்ந்திருக்கின்றன பாருங்கள்.

இரண்டாவது காட்சி அறுவைக்குப் பத்து நாள் கழித்து, தையல் பிரிக்க மருத்துவரிடம் போகும் அன்று. வீட்டுக்கு வந்தபிறகு முதல் முறையாக வெளியே போகிறார், அதனால் அலங்காரம் செய்துகொள்கிறார். கெண்டே என்ற கானா நாட்டு நெசவுத் துணியில் தைத்த மேலாடை, புதுத் தோல் பூட்ஸ், கழுத்தில் இருப்பதிலேயே நன்றாக ஒளிரும் சந்திரகாந்தக் கல். காதில் பறவை வடிவத் தொங்கட்டான் ஒன்று, அதுவும் வலது காதில் மட்டும். இரண்டு பக்கமும் ஒத்துப்போகாத தன் புது உடம்புக்கு மரியாதை செய்வதுபோல அதைப் போட்டுக்கொண்டதாக எழுதுகிறார். அழகாக இருக்கிறோம் என்ற நிறைவோடு உள்ளே போனால், அங்கிருந்த நர்ஸ் கவலையோடு கேட்கிறார்: செயற்கை மார்பு வைக்கவில்லையா? இங்கே வரும்போதாவது வைத்துக்கொண்டு வாருங்கள், இல்லாவிட்டால் மற்றவர்கள் மனம் தளர்ந்துவிடும் என்கிறார். இந்த இடத்தில் லார்ட் சொல்லும் ஒப்புமை பிரசித்தம். இஸ்ரேலிய ராணுவத் தளபதி மோஷே தயான் ஒற்றைக் கண்ணில் கறுப்புப் பட்டையோடு உலகம் முழுக்கச் சுற்றினார். கண்ணாடிக் கண் வைத்துக்கொண்டு வா, பார்க்கிறவர்களுக்குச் சங்கடமாக இருக்கிறது என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. அவருடைய காயம் வீரத்தின் அடையாளம், இவருடையது மட்டும் மறைக்கவேண்டிய குறையா?

இப்போது உங்கள் சால்வையை நினைத்துப் பாருங்கள். அது அந்தத் திண்டு செய்யும் வேலையைத்தான் செய்யப்போகிறது.

அப்படியென்றால் தழும்பைத் திறந்து காட்டவேண்டுமா? அதுவும் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம், இது விவாதத்துக்கு உரியதுதான். கறுப்பினப் பெண்ணின் மார்பைத் திறந்து வைத்து வரைந்த வரலாறு ஐரோப்பிய ஓவியத்தில் நீளமானது. அதில் மிகப் பிரபலமானது 1800இல் மரி-கியெமின் பெனுவா வரைந்தது, பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வெள்ளைத் தலைத்துணி கட்டிய கறுப்பினப் பெண் நாற்காலியில் உட்கார்ந்து நேராக நம்மைப் பார்க்கிறாள், மேலாடை சரிந்து ஒரு மார்பு வெளியே தெரிகிறது. வண்ண வேலை அபாரம். அந்தத் தோலை அப்படி வரைய இன்றைக்கும் ஆள் குறைவு. ஆனால் இருநூறு வருஷம் அந்தப் படத்தின் தலைப்பில் அவளுக்குப் பெயர் கிடையாது, இனப் பெயர் மட்டும்தான். ஓவியரின் மைத்துனர் குவாதலூப் தீவிலிருந்து கூட்டிவந்த வேலைக்காரி, பெயர் மதலேன் என்று தெரியவந்து, 2019இல் பாரிஸில் ஓர்சே அருங்காட்சியகம் நடத்திய கண்காட்சியில்தான் 'மதலேனின் உருவப்படம்' என்று மாற்றி வைத்தார்கள். மார்பைத் திறக்க அவள் சம்மதித்தாளா என்று கேட்க நமக்கு வழியில்லை. அந்த வரிசையில் லார்டையும் கொண்டுபோய் உட்காரவைக்க என் கை வராது.

என் யோசனை இதுதான். அவர் உடுத்திக்கொண்டபடியே வரையுங்கள். உடை உடம்பின் மேல் விழும் விதத்தில் உண்மை தானாகத் தெரியும். அவருடைய இடது பக்கம் துணி மேடாகி, அதன் கீழே மடிப்பு விழும். அவருடைய வலது பக்கம் தோளிலிருந்து நேராக இறங்கும். துணி மடிப்பை ஒழுங்காகப் பார்த்து வரைகிறவருக்கு இது பெரிய வேலையில்லை. தையல் பிரிக்கப் போன அந்த நாளையே எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது. மேலாடை, கல், ஒற்றைப் பறவை என்று தனக்கான உருவப்பட அலங்காரத்தை அவரே தேர்ந்தெடுத்து எழுதி வைத்திருக்கிறாரே!

பக்கம் மாறிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வலது மார்பு. அதாவது படத்தைப் பார்க்கிறவருக்கு இடது பக்கம் வரும். இணையத்தில் உலவும் புகைப்படங்கள் சில கண்ணாடிப் பிம்பம்போலத் திரும்பிக் கிடக்கும், அதை நம்பிப் போட்டால் தப்பாகிவிடும். தமிழ் வாசகர்களுக்கு இந்த இடத்தில் கண்ணகி ஞாபகம் வருவது இயற்கை. வட்டத்தில் யாராவது அதைச் சொல்லியும் இருப்பார்கள். அந்தச் சாயல் படத்துக்குள் நுழையாமல் பார்த்துக்கொள்வது நல்லது. கண்ணகி கோபத்தில் தானே திருகி எறிந்தாள், அதுவும் இடது மார்பை. லார்டுக்கு அதை எடுத்தது நோய். அதற்கு அப்புறம் என்ன செய்வது என்பதுதான் அவர் கையில் இருந்தது.

அவருக்கென்று ஒரு ஒற்றை மார்புத் தெய்வமும் இருந்தது. 1974இல் கானா, டோகோ, தகோமே நாடுகளுக்குப் பயணம் போய்வந்தார். தகோமே இன்றைய பெனின். அங்குள்ள அபோமே நகரத்தின் தாய்த்தெய்வம் செபுலிசா அவர் கவிதைகளில் திரும்பத் திரும்ப வருகிறாள். துக்கமும் இழப்பும் புழுவாக அரித்து ஒரு மார்பை இழந்த தாய் என்று அவளை அழைக்கும் கவிதை 1978இல் வந்த தொகுப்பில் இருக்கிறது. அறுவை நடந்ததும் அதே வருஷம்தான். பிறகு புற்றுநோய்ப் புத்தகத்தில் தகோமேயின் பெண் போர்வீரர்களை நினைத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்பார்: ஒற்றை மார்புப் பெண்களின் சேனை ஒன்று அமெரிக்க நாடாளுமன்றத்துக்குள் இறங்கி, மாட்டுத் தீவனத்தில் கலக்கும் புற்றுநோய் ஹார்மோன்களைத் தடை செய் என்று கேட்டால் என்ன ஆகும்? செயற்கை மார்பு வைத்துக்கொண்டால் இந்தப் பெண்கள் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொள்ளவே முடியாதே என்பதுதான் அவருடைய பெரிய ஆட்சேபம். அழகு, அவலட்சணம் எல்லாம் அதற்குப் பின்னால்தான்.

ஆக, பின்னணியில் ஏதாவது சேர்க்கவேண்டும் என்றால் அபோமேயின் ஒட்டுத்துணி வேலைப்பாட்டைப் பாருங்கள். கறுப்புத் துணியின் மேல் சிங்கம், மீன், பறவை என்று வண்ணத் துணியை வெட்டித் தைப்பார்கள், அந்த அரச வம்சத்தின் சின்னங்கள் அவை. உடையில் கெண்டே, பின்னணியில் அபோமே, இரண்டுக்கும் அவர் வாழ்க்கையில் காரணம் இருக்கிறது. 'ஆப்பிரிக்க டிசைன்' என்று தேடிக் கிடைத்ததை எல்லாம் அள்ளிப் போட்டால் எந்த ஊர் என்றே தெரியாத திரைச்சீலைதான் மிஞ்சும்.

வருஷத்தையும் முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். 1978 செப்டம்பருக்கு முந்தைய லார்டை வரைந்தால் இந்த விவாதத்துக்கே இடமில்லை. அதுவும் நேர்மையான தேர்வுதான், தப்பித்துக்கொள்வதற்காக எடுக்காத வரைக்கும். 1984இல் பெர்லின் சுதந்திரப் பல்கலைக்கழகத்துக்கு வருகைப் பேராசிரியராகப் போனார். புற்றுநோய் கல்லீரலுக்குப் பரவியிருப்பது தெரிந்ததும் அந்த வருஷம்தான். அதற்குப் பிறகு சாகும்வரை பெர்லினுக்குப் போய்வந்துகொண்டிருந்தார். அங்குள்ள கறுப்பின ஜெர்மானியப் பெண்கள் தங்களைத் தாங்களே 'ஆப்ரோ-ஜெர்மன்' என்று அழைத்துக்கொள்ளத் தொடங்கியது அவரோடு உட்கார்ந்து பேசியதில்தான். அந்த வருஷங்களில் முடியைச் சடைச்சடையாக விட்டிருந்தார். ஒருமுறை வர்ஜின் கோர்டா தீவு விமான நிலையத்தில் அந்தச் சடைக்காகவே அவரை உள்ளே விட மறுத்தார்கள். 1990இல் அதைப் பற்றிக் கட்டுரையே எழுதினார். முடியைக்கூட அலங்கார விவரமாக நினைத்துக் கடந்துவிட முடியாத ஆள்.

இனி நிறம்.

நம் மொழியிலேயே ஒரு வில்லங்கம் இருக்கிறது. 'பொண்ணு நல்ல நிறம்' என்றால் வெளுப்பு என்று அர்த்தம். கறுப்பாக இருப்பவளுக்கு நிறமே இல்லை என்கிற மாதிரி! தொழிலுக்கு வந்த புதிதில் இறந்துபோன பாட்டி ஒருவரைப் பழைய போட்டோவைப் பார்த்து வரைந்து கொடுத்தேன். வீட்டார் பார்த்துவிட்டு, எல்லாம் சரி, கொஞ்சம் நிறமாகப் போட்டுத் தாருங்கள் என்றார்கள். போட்டுக்கொடுத்தேன், கூலி வாங்கினேன். அந்தப் பாட்டியின் முகம் மாவு பூசியது போல ஆகிவிட்டது. அதுதான் இப்போது உங்கள் கேன்வாஸிலும் நடக்கிறது, நீங்கள் விரும்பாமலேயே.

காரணம் டைட்டானியம் ஒயிட். நிறத்தை ஒரு படி ஏற்றவேண்டும் என்றால் கை தானாக வெள்ளைக்குப் போகிறது. டைட்டானியம் வெள்ளை எதோடு சேர்ந்தாலும் அதைக் குளிர்ந்ததாகவும் சுண்ணாம்பு மாதிரியும் ஆக்கும். பர்ன்ட் அம்பர் என்ற அடர் பழுப்போடு சேர்த்தால் சாம்பல் நிச்சயம். அதற்குப் பதிலாக பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பாலும் யெல்லோ ஆக்கர் என்ற மண்மஞ்சளாலும் ஏற்றுங்கள். கன்னம் மாதிரி வெளிச்சம் படும் இடத்தில் துளி காட்மியம் ஆரஞ்சு. ஆழமான இடத்துக்கு பர்ன்ட் அம்பரும் அல்ட்ராமரின் நீலமும், அதில் கொஞ்சம் அலிசரின் கிரிம்சன் என்ற அடர் சிவப்பு. டியூபிலிருந்து கறுப்பை அப்படியே எடுத்து நிழலில் வைத்தால் முகத்தில் ஓட்டை விழுந்த மாதிரி இருக்கும். வெள்ளையை முழுசாக ஒதுக்கவும் வேண்டாம். நெற்றி, மூக்கு நுனி, கீழுதடு, இந்த மூன்று நான்கு மினுக்கங்களுக்கு மட்டும் கடைசியில் வரட்டும்.

அந்த மினுக்கத்தில்தான் விஷயமே இருக்கிறது. வெளுத்த தோலில் வெளிச்சம் கொஞ்சம் உள்ளே போய்ச் சிதறி வெளியே வரும். அதனால் வடிவத்தை நிழல்தான் சொல்லும். கருந்தோலில் உள்ளே போகும் வெளிச்சத்தை மெலனின் பெரும்பாலும் விழுங்கிவிடும், மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் வெளிச்சம்தான் எடுப்பாகத் தெரியும். எனவே வடிவத்தை மினுக்கம் சொல்கிறது. அந்த மினுக்கம் தோலின் நிறமாக இருக்காது, வெளிச்சத்தின் நிறமாக இருக்கும். ஜன்னல் வழியாக வானம் தெரிந்தால் நெற்றியில் நீலம் விழும். மேஜை விளக்கு என்றால் தங்கம். தைரியமாக நீலத்தை வையுங்கள், பழுப்புக்குப் பக்கத்தில் அது உயிரோடு இருக்கும். பள்ளியில் நிழல் போடப் பழகிய கைக்கு இதைத் தலைகீழாகக் கற்றுக்கொள்ள ஒரு மாசமாவது ஆகும். எனக்கு அதற்கும் மேலே ஆனது.

இன்னொன்றும் செய்துபாருங்கள். வெள்ளைக் கேன்வாஸில் நேரடியாகத் தொடங்காதீர்கள். சுற்றிலும் வெள்ளை இருக்கும்போது எந்தக் கருநிறமும் அளவுக்கு மீறிக் கருப்பாகத் தெரியும், கண் பயந்துபோய் மறுபடி வெள்ளையைச் சேர்க்கச் சொல்லும். முதலில் கேன்வாஸ் முழுக்க பர்ன்ட் சியன்னாவை நீர்க்க ஓட்டி ஒரு நடுத்தர நிறத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். பாதிச் சாம்பல் அதிலேயே போய்விடும்.

பெரிய ஓவியர்கள் இந்தச் சிக்கலை எப்படி எப்படியோ கடந்திருக்கிறார்கள். கெர்ரி ஜேம்ஸ் மார்ஷல் கறுப்பைக் கறுப்பாகவே வைக்கிறார். ஐவரி பிளாக், கார்பன் பிளாக், மார்ஸ் பிளாக் என்று மூன்று கறுப்பு, அதில் கோபால்ட் நீலமோ குரோமியம் ஆக்ஸைடு பச்சையோ ஊதாவோ கலந்து, கறுப்புக்குள்ளேயே சூடும் குளிர்ச்சியும் கொண்டுவந்துவிடுவார். தூரத்திலிருந்து நிழலுருவம் போலத் தெரிவது கிட்டே போனால் முழு மனிதராக மாறும். ஏமி ஷெரால்ட் வேறு வழி. 2018இல் மிஷேல் ஒபாமாவை வரைந்தவர் அவர். தோலைச் சாம்பல் நிறத்தில்தான் வரைவார், உடையில் வண்ணம் கொட்டும். அந்தப் படம் வாஷிங்டனில் திறந்தபோது இது மிஷேல் மாதிரியே இல்லை என்று பலர் கத்தினார்கள். அவர் சாம்பலை வேண்டுமென்றே தேர்ந்தெடுக்கிறார், தோலின் நிறத்தை வைத்து முதல் பார்வையிலேயே ஆளை எடைபோடுவதைத் தள்ளிப்போட. ஆனால் லார்டுக்கு அந்த வழி பொருந்தாது என்று நினைக்கிறேன். தன் கறுப்பைப் பூமிக்கடியிலிருந்து வரும் நிலக்கரி என்று கவிதையில் வைத்தவர் அவர், தொகுப்பு ஒன்றுக்கு அந்தப் பெயரையே சூட்டியவர். சாம்பல் போட்டால் நிலக்கரி எரிந்து முடிந்த பிறகு வருவதாகிவிடும்.

புகைப்படத்தை நம்பி நிறம் எடுக்காதீர்கள் என்றும் சொல்லவேண்டும். அவருடைய நல்ல படங்களில் பல கறுப்பு வெள்ளை. வண்ணப் படங்களிலோ வேறு தொல்லை. வண்ண பிலிமின் வேதியியல் பல காலம் வெள்ளைத் தோலுக்காகவே சரிபார்க்கப்பட்டது. போட்டோ கழுவி அச்செடுக்கும் கூடங்களில் நிறம் சரியாக இருக்கிறதா என்று ஒப்பிட கோடக் அனுப்பிய அட்டையில் ஒரு வெள்ளைப் பெண்ணின் படம் இருக்கும், 'ஷெர்லி' அட்டை என்பார்கள். அதில் ஷெர்லி நன்றாக வந்தால் எல்லாம் நன்றாக வந்தது என்று அர்த்தம். கறுப்பர்கள் முகம் கண்ணும் பல்லுமாக மட்டும் பதிவானது. பிலிமைத் திருத்தவைத்ததில் சாக்லேட் கம்பெனிகளுக்கும் மர நாற்காலி மேஜை விற்பவர்களுக்கும் பங்கு உண்டு. தங்கள் பழுப்பு சரியாக வரவில்லை என்று அவர்கள் புகார் செய்தார்கள். அதனால் எங்கே வெளிச்சம், எங்கே இருட்டு என்பதை மட்டும் போட்டோவிலிருந்து எடுத்துக்கொண்டு, நிறத்துக்கு உயிருள்ள ஒரு ஆளை ஜன்னலோரம் உட்காரவைத்துப் பாருங்கள். நம் ஊரில் அதற்கு ஆளா பஞ்சம்!

கண்ணாடி விஷயத்தை யாரும் கேட்கமாட்டார்கள், நானே சொல்கிறேன். லார்டுக்குச் சிறுவயதிலிருந்தே கடுமையான கிட்டப்பார்வை, சட்டப்படி பார்வையற்றவர் என்று சொல்லுமளவுக்கு. நான்கு வயதில் கண்ணாடி போட்ட பிறகுதான் மரங்கள் பச்சை மேகங்கள் இல்லை என்பது தெரிந்தது என்று கவிஞர் அட்ரியன் ரிச்சோடு பேசும்போது சொல்லியிருக்கிறார். பல படங்களில் பெரிய கண்ணாடியோடு இருக்கிறார், சிலவற்றில் கழற்றி வைத்திருக்கிறார். கண்ணாடியோடு வரைந்தால் தயவுசெய்து வெறும் சட்டத்தை மட்டும் மூக்கில் மாட்டிவிடாதீர்கள். கிட்டப்பார்வைக்கான தடித்த வில்லை கண்ணைச் சின்னதாக்கிக் காட்டும். வில்லை வழியே தெரியும் கன்னத்தின் ஓரம் வெளியே தெரியும் ஓரத்தோடு சேராமல் ஒரு படி உள்ளே தள்ளி நிற்கும். அந்த முறிவை வரைந்தால்தான் அது உண்மையான கண்ணாடி. இதையும் 'சரி' செய்து கண்ணைப் பெரிதாக்கத் தோன்றும், செய்யாதீர்கள்.

பார்ப்பதையும் பார்க்கப்படுவதையும் பற்றி அவர் எழுதிய ஒரு சம்பவம் உண்டு. ஐந்து வயது. ஹார்லெம் போகும் ரயிலில் அம்மாவோடு ஏறி உட்காருகிறாள் சிறுமி. பக்கத்தில் ரோமக் கோட்டுப் போட்ட ஒரு வெள்ளைப் பெண். அந்தப் பெண் உதடு கோணி, கோட்டை வெடுக்கென்று தன் பக்கம் இழுத்துக்கொள்கிறாள். இருக்கையில் ஏதோ கரப்பான்பூச்சி ஊர்கிறது போல என்று சிறுமி தன் நீலக் குளிர் உடையையும் ஒடுக்கிக்கொண்டு தேடுகிறாள். பூச்சி எதுவும் இல்லை. தன் உடை பட்டுவிடக் கூடாது என்றுதான் அந்தக் கோட்டு நகர்ந்தது என்று மெல்லப் புரிகிறது. அந்தப் பெண்ணின் அகலத் திறந்த கண்ணையும் விரிந்த மூக்கையும் கடைசிவரை மறக்கவில்லை. லார்டின் பார்வையை எங்கே வைப்பது என்று யோசிக்கும்போது இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மேலே தூரத்து வானத்தைப் பார்க்கும் தலைவர் போஸ் வேண்டாம். எதிரில் நிற்பவரை நேராகப் பார்க்கட்டும்.

ஒரு சட்ட எச்சரிக்கை. கரும்பலகைக்கு முன் அவர் நிற்கும் படம் ஒன்று எல்லோருக்கும் தெரியும், பெண்கள் ஆற்றல் மிக்கவர்கள், ஆபத்தானவர்கள் என்று பலகையில் ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். 1983இல் புளோரிடாவில் ஒரு கலை மையத்தில் ராபர்ட் அலெக்சாண்டர் எடுத்தது. சுவரோவியம், டி-சர்ட், கைப்பை என்று அதைப் பார்த்து வரையாதவர்கள் இல்லை. அந்தப் படம் இன்னும் பதிப்புரிமையில் இருக்கிறது. இந்தியச் சட்டத்தில் 2012 திருத்தத்துக்குப் பிறகு புகைப்படத்துக்கும் எடுத்தவரின் ஆயுள் முழுவதும், அவர் இறந்தபின் 60 வருஷமும் உரிமை உண்டு. வீட்டில் பயிற்சிக்கு வரைவதை யாரும் கேட்கப்போவதில்லை. பொது இடத்தில் மாட்டி, அச்சிட்டு விற்கத் தொடங்கினால் கதை வேறு. ஆண்டி வார்ஹோல் பாடகர் பிரின்ஸை லின் கோல்ட்ஸ்மித்தின் புகைப்படத்தைப் பார்த்து வரைந்தார் அல்லவா, அதைப் பத்திரிகைக்கு உரிமம் கொடுத்த வழக்கில் 2023இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் புகைப்படக்காரர் பக்கம்தான் தீர்ப்புச் சொன்னது. ஒரே படத்தை நகலெடுக்காமல் ஐந்தாறு படங்களைப் பார்த்து மண்டை அமைப்பைப் புரிந்துகொண்டு, நிலையை நீங்களே அமைத்துக்கொள்வதுதான் கைக்கும் நல்லது.

படத்துக்குள் வாசகம் எழுதலாமா என்று அடுத்து கேட்பீர்கள். என்னைக் கேட்டால் வேண்டாம். உன் மௌனம் உன்னைக் காப்பாற்றாது என்ற வரியைத்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். 1977 டிசம்பரில் சிகாகோவில் பேசியது அது. மார்பில் கட்டி, புற்றுநோயாக இருக்கலாம் என்று சொல்லி மூன்று வாரம் காத்திருந்து, இல்லை என்று தெரிந்து வந்து பேசினார். அடுத்த வருஷம் நிஜமாகவே வந்தது. இதெல்லாம் தெரியாமல் பூவும் கொடியும் சுற்றி எழுதினால் அது காலண்டர் பொன்மொழியாகிவிடும்.

கீழே பெயர்ப்பலகை வைப்பீர்கள் இல்லையா, அங்கே அவர் தன்னைச் சொல்லிக்கொண்ட ஐந்து சொற்களையும் அதே வரிசையில் போடுங்கள். இரண்டாவது சொல்லை எடுத்துவிடலாமே என்று யாராவது மெதுவாக ஆரம்பிப்பார்கள். சால்வைக் கட்சிக்குச் சொன்ன பதிலையே அவர்களுக்கும் சொல்லிவிடுங்கள். ஆங்கிலத்திலும் பெயர் போடுவதாக இருந்தால் எழுத்துக்கூட்டலைச் சரிபாருங்கள். பிறந்தபோது வைத்த பெயரில் கடைசியில் ஒரு 'ஒய்' இருந்தது. எழுதப் பழகிய வயதில், அந்த எழுத்தின் வால் கோட்டுக்குக் கீழே தொங்குவது பிடிக்காமல் தானே அதை வெட்டிவிட்டார். பெயரும் குடும்பப்பெயரும் ஐந்தைந்து எழுத்தாக, சமமாக நிற்பது பிடித்திருந்ததாம். பலகை செய்கிறவர்கள் பிழை என்று நினைத்து அந்த ஒய்யை மறுபடி சேர்த்துவிடுவார்கள், வாங்கும்போதே பார்த்து வாங்குங்கள்.